கறுத்துப்போன ஒரே தாள்

"நாலு மணிக்குக் கூட்டம் சார். என் கணிப்பை மூட்டை கட்டிடுவாங்க, என்னையும் சேர்த்து," என்றாள் அந்தப் பெண் துப்பறிவாளரிடம்.

கடலின் மேல் புகை எப்படிப் பரவும், காற்றில் என்னவாக மாறும் என்று கணினியில் கணிப்பவள் அவள். அதை நம்பித்தான் கரையோர மருத்துவமனைகள் மூச்சுத்திணறல் நோயாளிகளை முன்கூட்டியே எச்சரித்தன. ஆய்வுக் கப்பல் நடுக்கடலில் அளந்த ஓசோன் பத்து நாள் அவள் கணக்கோடு ஒத்துப்போனது. பதினோராம் நாள் பிற்பகல் மூன்று மணி நேரம் மட்டும் கருவி ஏறக்குறைய பூஜ்யம் காட்டியது. கணினியோ நாற்பது என்றது.

"கப்பல்ல ஓசோனை அளந்த கருவிக்காரர்தான் பொய் சொல்றார். மூஞ்சியே சரியில்ல," என்றார் துப்பறிவாளரின் தங்கை கணவர். எந்த வழக்கிலும் முதலில் கைது செய்யத் துடிப்பவர்.

"மூஞ்சியப் பார்த்திருந்தா உங்களுக்குத் தங்கச்சியக் குடுத்திருப்பேனா மாப்பிள்ளை? வாங்க, துறைமுகத்துல நிக்கிற அந்தக் கப்பலுக்குப் போவோம்."

மணி இரண்டரை. கருவிக்காரர் ஒரு பெட்டியைத் திறந்தார். மூன்று மணி நேரத்துக்கு ஒன்றாகக் காற்றை வடிகட்டிய தாள்கள். கடற்காற்றுக்கு ஏற்ப எல்லாம் வெண்மை. பதினோராம் நாள் பிற்பகல் தாள் மட்டும் கரி. கப்பலின் பதிவேட்டிலோ, 'திசை மாற்றமில்லை' என்றிருந்தது. துப்பறிவாளர் கப்பல் மருத்துவரின் நோட்டையும் கேட்டு வாங்கிப் படித்தார். அதே பிற்பகல், சமையல்காரர் உள்ளங்கையில் ஏழு தையல்.

அருகில் நின்ற கேப்டன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"புகைபோக்கி பின்னால, காற்றை இழுக்கிற குழாய் முன்னால," என்றார் துப்பறிவாளர். "காற்றை எதிர்த்துப் போற வரைக்கும் கப்பலோட புகை குழாய்க்கு வராது. வந்திருக்கு. அப்போ கப்பல் காற்றுக்கு முதுகைக் காட்டி மெதுவாப் போயிருக்கு. அந்தப் புகை ஓசோனைத் தின்னுடும். கருவியும் சரி, இந்தம்மா கணக்கும் சரி. ஏன் திரும்பினீங்க, கேப்டன்?"

"காற்றை எதிர்த்துப் போகையில கப்பல் தூக்கித் தூக்கிப் போட்டுது சார். டாக்டரால ஊசியே பிடிக்க முடியல. அந்த ஆளு துடிச்சான். காற்றோட போனா ஆட்டம் அடங்கும்னு திரும்பினேன். அளக்கும்போது திரும்பினது தெரிஞ்சா மொத்தப் பயணமும் செல்லாதுன்னுடுவாங்களேன்னு எழுதாம விட்டேன். இந்தப் பொண்ணு தலையில விடியும்னு சத்தியமாத் தெரியாது."

அவரே கூட்டத்துக்கு வந்து சொன்னார். அந்த மூன்று மணி நேரத்தை நீக்கினார்கள், அவள் கணிப்பு சரியென்று நிலைத்தது.

"கேப்டனை என்ன செய்யலாம்?" என்று கூட்டத்தின் தலைவர் அவளிடமே கேட்டார்.

"ஒருத்தர் வலிக்காகக் கப்பலைத் திருப்பலாம்னு விதியிலயே எழுதிடுங்க சார்," என்றாள் அவள். "அடுத்த தடவை யாரும் மறைக்க வேண்டாம் பாருங்க."