அடையாளம் சொல்லுங்க டீச்சர்

"நீலப் பைன்னா... எந்த நீலம்?"

கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கேட்டார். கேட்டுவிட்டு, பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார். இடது புருவம் மட்டும் லேசாக ஏறி நின்றது.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பின்னலின் நுனியிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. காலையில் பையை மறந்து இறங்கிய ரயில் எப்போதோ போய்விட்டது. நல்லவேளையாக யாரோ எடுத்து, தொலைந்த பொருள்கள் அறையில் கொடுத்திருக்கிறார்கள். இந்த மனிதர் அதை எடுத்து நீட்டினால் என்னவாம்?

"நீலம்னா நீலந்தான் சார். நல்ல பெரிய துணிப்பை."

அவர் திரும்பி அலமாரியைப் பார்த்தார். "இங்க இருக்கிறது எல்லாமே யாருக்கோ நல்ல பைதாங்க. அடையாளம் சொல்லுங்க."

"நான் ஸ்கூல் டீச்சர். ஒரு துணிப்பைக்காகப் பொய் சொல்லுவேனா?"

"அப்ப ரொம்ப சுலபமாச்சே. என்ன பாடம் எடுக்குறீங்க?"



மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வர்ணனை எழுதச் சொல்லிக்கொடுப்பவள் அவள். வெறும் 'பூ' என்று எழுதாதே, எப்படிப்பட்ட பூ என்று எழுது என்று நாள் முழுக்கத் தொண்டை வறளப் பேசுபவள். 'நல்ல', 'அழகான' இரண்டுக்கும் அவள் வகுப்பில் தடை. கரும்பலகையின் மூலையில் கம்பிகளோடு ஒரு சிறை வரைந்து, அந்த இரண்டு சொற்களையும் உள்ளே அடைத்து வைத்திருக்கிறாள். அவளே இன்று 'நல்ல' பை என்கிறாள்!

மூச்சை இழுத்துவிட்டுச் சொன்னாள். "வெளுத்துப்போன நீலம். மழை வர்றதுக்கு முன்னாடி வானம் இருக்குமே, அந்த மாதிரி. ஒரு கைப்பிடியில மட்டும் சிவப்பு நூல் தையல். உள்ள ஒரு சொரசொரப்பான கல்லு, கனமான இரும்புத் திருகாணி, மெத்துன்னு ஒரு புறா இறகு, காஞ்சு சுருண்டுபோன ஆரஞ்சுத் தோல்..."

அவருடைய புருவம் இறங்கியது. கண்கள் சிரித்தன... பிறகுதான் உதடுகள்.

பை வந்தது. ஈரமே இல்லை. அப்போதுதான் அவள் அந்த அறையைக் கவனித்தாள். மூலையில் நனைந்த குடைகள் விரித்துக் காய வைக்கப்பட்டிருந்தன. காய்ந்தவற்றைச் சுருக்கமில்லாமல் மடித்து, ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டுக் கட்டியிருந்தது.

அவர் பையைக் காட்டினார். "இதெல்லாம் எதுக்குன்னு கேக்கலாமா? இறகு, திருகாணி..."

"பசங்க பாக்காம கையை விட்டுத் தொட்டுப் பார்ப்பாங்க. தொட்டது எப்படி இருந்துச்சுன்னு சொல்லணும்."

"கொடுத்து வச்ச பசங்க," என்றார் அவர். யாருக்கோ ரகசியம் சொல்வதுபோல.

வெளியே மழை நிற்கவில்லை. ஆனால் ரயிலில் வீடு திரும்பும் வழியெல்லாம், ஏறி நின்ற ஒற்றைப் புருவம் ஜன்னல் கண்ணாடியில் கூடவே வந்தது...

மறுநாள் வகுப்பில் பை சுற்றி வந்தது. இறகைத் தொட்ட பையன், "நல்லா இருக்கு டீச்சர்" என்றான். கல்லைத் தொட்டவளும் அதையேதான் சொன்னாள். வாயாடி என்று பெயரெடுத்த சுருட்டைமுடிக்காரி மட்டும் யோசித்துவிட்டு, "ரொம்ப நல்லா இருக்கு" என்றாள்.

சொல் எதற்கு வேண்டும் என்று தெரிந்தால்தானே பிள்ளைகளுக்கு வரும்? நேற்று அவளுக்கு எப்படி வந்தது? கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயத்தில்தானே!

மாலையில் கவுண்டர் முன்னால் நின்றாள்.

"மறுபடியும் பையா?" என்றார் அவர்.

"இல்ல சார். ஆபீஸே வேணும். என் கிளாஸுக்கு."

தன் வார விடுப்பு நாளில் அவர் பள்ளிக்கு வந்தார். கரும்பலகைச் சிறைக்குள் இருந்த 'நல்ல', 'அழகான' இரண்டையும் படித்துச் சிரித்தார். பிள்ளைகளின் பொருள்களையெல்லாம் முன்கூட்டியே வாங்கி அவள் ஒரு பெட்டியில் போட்டு வைத்திருந்தாள். ஆசிரியர் மேசைதான் கவுண்டர். அடையாளம் சொன்னால்தான் பொருள் கிடைக்கும்.

"என் பென்சில் தொலைஞ்சிடுச்சு சார். நல்ல பென்சில்."

"நல்ல பென்சில் எங்க ஆபீஸ்ல இல்லியே தம்பி. கடிச்ச பென்சில் இருக்கு, மொட்டை பென்சில் இருக்கு..."

"கடிச்சது! பின்பக்கம் கடிச்சது! குட்டையா, பச்சையா, என் பல்லு பதிஞ்சது!"

வகுப்பே சிரித்தது. பிறகு சொற்கள் கொட்டின. மழமழப்பான கோலி, காது கிழிந்த துணி முயல், சாக்லேட் வாசனை அடிக்கிற ரப்பர். சின்னக் குரல்காரர்களுக்காக அவர் மேசையை விட்டு வந்து, தரையில் முட்டி போட்டு உட்கார்ந்து கேட்டார். பின்வரிசையில் நின்றிருந்த அவளுக்கு அந்த வகுப்பறையே மெல்ல மிதப்பது போலிருந்தது.

மணி அடித்தது. பிள்ளைகள் அவருக்குப் பெயரே வைத்துவிட்டார்கள். "டாட்டா, தொலைஞ்ச சார்!"

வினை அதற்குப் பிறகுதான் வந்தது. ஆசிரியர் அறையில் கணக்கு டீச்சர் கண்ணைச் சிமிட்டினாள். "யாருடி அது? உன் மூஞ்சியில பல்பு எரியுது!"

கன்னம் சுட்டது அவளுக்கு. மற்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவசரமாக ஒரு பதிலை எடுத்து வீசினாள். "ஐயோ, நீங்க வேற அக்கா... அது யாரோ ஒரு ஆள். ஸ்டேஷன்ல சாமான் பாக்குறவர்."

வாசலில் அவர் நின்றுகொண்டிருந்தார்.

"குடையை மறந்துட்டுப் போயிட்டேன்," என்றார் மெதுவாக. "கறுப்புக் குடை. பிடியில ஒரு சின்ன வெடிப்பு."

தன் குடைக்கே அடையாளம் சொல்லி வாங்கிக்கொண்டார். உதடு மட்டும் சிரித்தது. கண்கள் சிரிக்கவில்லை.

அதன்பிறகு தினமும் அவள் கவுண்டரைக் கடந்துதான் போனாள். அவர் தலை நிமிரவில்லை. தானாகப் போய்ப் பேசினால் என்ன? என்னவென்று பேசுவது? மன்னிப்புக் கேட்டால், ஏதோ இருக்கிறது என்று ஒப்புக்கொண்டது ஆகாதா? அந்த ஒரு கூச்சம் அவள் காலைக் கட்டிப்போட்டது. நாள்கள் வெறும் நாள்களாகப் போயின.

ஒரு பிற்பகல் வாயாடி எழுந்து நின்றாள். "டீச்சர், தொலைஞ்ச சார் எப்ப வருவாரு?"

"எந்த சார்?" என்றாள் இவள், தெரியாதவள் போல.

வாயாடிக்குப் பொறுக்கவில்லை. "அதான் டீச்சர்! பொறுமையான சார். கட்டை விரல்ல மை ஒட்டின சார். நாம பேசி முடிக்கிற வரைக்கும் நம்மளையே பாக்குற சார்!"

அவள் கையிலிருந்த சாக்பீஸ் அப்படியே நின்றது. ஒரு பென்சிலுக்கு இத்தனை அடைமொழி கேட்டவள், அவருக்கு ஒன்றுகூடக் கொடுக்கவில்லை. யாரோ ஒரு ஆள்!

அன்று மாலை மழை பிடித்துக்கொண்டது. குடையை விரிக்கத் தோன்றாமல் ஓடினாள். கவுண்டரில் வேறு யாரும் இல்லை.

"சொல்லுங்க," என்றார் அவர், நிமிராமல். "என்ன தொலைஞ்சது?"

"ஒருத்தர்..."

பேனா நின்றது. 

"அடையாளம்?"

"யாரோட குடைன்னே தெரியாது... ஆனா அதை விரிச்சு, காய வச்சு, தன்னோடது மாதிரி மடிக்கிற பொறுமையான கை. கட்டை விரல்ல அழியாத மை. கேள்வி கேட்டா இடது புருவம் ஏறி நிக்கும். முதல்ல சிரிக்கிறது கண்ணு, அப்புறந்தான் வாய். அவசரமே இல்லாத குரல்..." அவள் கவுண்டரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "நான்தான் எல்லார் முன்னாடியும் அவரை ஒரு அடைமொழிகூட இல்லாம தொலைச்சிட்டேன். பயந்துட்டேன். பிடிச்சிருக்குன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிடுமோன்னு... ரொம்பப் பிடிச்சிருக்கு. திரும்பக் கிடைக்குமா?"

அவர் நிமிர்ந்தார். புருவம் மெல்ல... மெல்ல ஏறியது.

"இந்த அடையாளத்துல ஒருத்தர் இருக்காரு. தொலைஞ்சவர் மாதிரி இல்ல, யாராவது கேட்டு வருவாங்கன்னு உக்காந்திருந்தவர் மாதிரிதான் இருக்காரு." பேனாவை மூடி வைத்தார். "ஒரு சிக்கல். வாங்க வந்தவங்க அடையாளத்தையும் நான் எழுதணும். எத்தனையோ பேருக்கு எழுதியிருக்கேன்... உங்களுக்கு ஒரே ஒரு வார்த்தைதான் வருது. அது உங்க ஜெயில்ல இருக்கு."

"நல்ல...வா?"

"இன்னொண்ணு."

நனைந்த கன்னத்திலும் சூடு ஏறுமா? ஏறியது. அவள் பின்னல் நுனியைப் பிழிந்தாள், தரையைப் பார்த்தாள், குடைகளைப் பார்த்தாள். கடைசியில் அவரைப் பார்த்தாள்.

"வேணும்னா ஜாமீன்ல விடலாம். ஆனா நிபந்தனை உண்டு... தினமும் என் முன்னாடி வந்து கையெழுத்துப் போடணும்."

"யாரு? அந்த வார்த்தையா... நானா?"

"ரெண்டு பேரும்தான்..."