பின்கட்டுக் கதவு

திருநகரிலிருந்து பஸ் மாறி, தமிழ்வாணி அந்தச் சின்ன ஊரின் பழைய நகராட்சிக் கட்டடத்துக்கு வந்து சேர்ந்தபோது மணி பதினொன்று. ஆபீஸ் புதுக் கட்டடத்துக்குப் போய் மாதமாகிவிட்டது. மறுநாள் இடிப்பு. விட்டுப்போன பிறப்பு இறப்புப் பதிவேடுகளைக் கட்டி எடுத்துவரச் சொல்லி, கிளார்க்கான அவளை அனுப்பியிருந்தார்கள்.

வாட்ச்மேன் பேச்சிமுத்து பூட்டைத் திறந்துவிட்டார்.

"சுருக்கா முடிச்சிருங்க மேடம். பின்கட்டுப் பக்கம் மட்டும் போகாதீங்க."

உள்ளே வௌவால் எச்ச நாற்றம். அதையும் மீறி, ஆஸ்பத்திரி வார்டுபோல பிளீச்சிங் பவுடர் நெடி. பதிவேடுகளை அடுக்கிக்கொண்டிருந்தவள் கை நின்றது.

பின்கட்டுக் கதவில் குறுக்கே பலகை அடித்திருந்தது. அதன் அடியில், முழங்கால் உயரத்தில், யாரோ உள்ளிருந்து நகத்தால் பிறாண்டினார்கள்.

"அண்ணே, உள்ள யாரு?"

பேச்சிமுத்து வாசலைத் தாண்டி வரவில்லை. அங்கிருந்தே சொன்னார்.

"வெள்ளைக்காரன் காலத்துல வாந்திபேதி வந்துச்சு தாயி. கீழத்தெரு ஜனத்த அம்புட்டுப் பேரையும் அதுக்குள்ள போட்டுப் பூட்டிட்டாக. கூலிக்குப் போற சனம், கேக்க நாதியில்ல. முன்னால ஆபீசு நடந்துச்சு, பின்னால அதுக கத்துச்சு. கதவத் தொறக்க உத்தரவு வேணும்னாக. உத்தரவு வாரதுக்குள்ள சத்தம் நின்னுபோச்சு."

கதவுக்கு அந்தப்புறம் பிறாண்டல் நின்றது.

"தண்ணி..."

குழந்தைக் குரல்.

தமிழ்வாணிக்கு வீட்டில் நான்கு வயது மகள். யோசிக்கவில்லை. உளுத்த பலகையை இரண்டு கையாலும் பிடுங்கி எறிந்து, கதவைத் தள்ளித் திறந்தாள்.

கூடம் காலியாகக் கிடந்தது. உச்சி வெயில் ஓட்டுப் பொத்தல் வழியாகக் காசு காசாக விழுந்தது. பையிலிருந்த பாட்டிலைத் திறந்து கல்தரையில் ஊற்றினாள். ஈரம்கூடத் தங்கவில்லை. தரை உறிஞ்சிக்கொண்டது.

"இங்கிட்டு..."

இடது மூலையிலிருந்து. பிறகு வலது மூலையிலிருந்து. பிறகு அவள் காலடியிலேயே.

"எனக்கு... எனக்கு..."

பாட்டில் காலி.

வெளியே ஓடிக் குழாயைத் திருகினாள். காற்றுதான் வந்தது. இணைப்பைத் துண்டித்து மாதமாயிற்று.

கமிஷனருக்குப் போன் போட்டாள். "சார், ஒரு நாள் மட்டும் நிறுத்துங்க சார். பின்கட்டுல..."

"உடம்பு சரியில்லையாம்மா? எதுவா இருந்தாலும் எழுதிக் குடுங்க. மேல அனுப்பி உத்தரவு வாங்கித்தான் நிறுத்தமுடியும்."

பேச்சிமுத்து தலையைக் குனிந்துகொண்டார். "எங்கப்பாவும் இங்கதான் வாட்ச்மேன். அவரும் குடம் குடமா ஊத்திப் பாத்தாரு தாயி. தீரல."

மறுநாள் காலை ஜேசிபி வந்தது. லீவு போட்டுவிட்டு வந்து ஓரமாக நின்றாள் தமிழ்வாணி. பின்கட்டுச் சுவர் சாய்ந்தபோது காதைப் பொத்திக்கொண்டாள். யாரும் கத்தவில்லை. பன்னிரண்டு மணிக்கெல்லாம் கட்டடம் இருந்த இடம் தரைமட்டம். அப்பாடா என்று மூச்சு விட்டாள்.

அப்போதுதான் ஜேசிபி நின்றது. டிரைவர் ராஜபாண்டி ஆனையூர்க்காரன், இந்த ஊர் பழக்கமில்லாதவன். வெற்றுப் பொட்டலைப் பார்த்து விடாமல் ஹாரன் அடித்தான். பிறகு எரிச்சலோடு அவள் பக்கம் எட்டிப் பார்த்தான்.

"யக்கா, பிள்ளைகுட்டியோட வந்து வண்டிய மறிச்சா நான் எப்புடி வேலை பாக்குறது? இம்புட்டுப் பேரையும் தள்ளி நிக்கச் சொல்லுங்க."