வார்னிஷில் முக்காத காயில்

அந்தக் காயிலை இன்றைக்கு வார்னிஷில் முக்கியே ஆக வேண்டும் என்று அமலி ஒற்றைக்காலில் நின்றாள். அப்பா தேவானந்தம் வழக்கம்போல நழுவப் பார்த்தார்.

"அடுத்த வாரம் பாத்துக்கலாம் அம்மணி. இன்னிக்கு வேலை நெறையக் கெடக்குது."

"போன வாரமும் இதத்தானுங்கப்பா சொன்னீங்க."

அப்பா வார்னிஷ் டின்னின் மூடியை நெம்பித் திறந்து மேசைமேல் வைத்தார். கொட்டகை முழுக்க நெடி பரவியது.

கருமத்தம்பட்டியில் அவினாசி ரோட்டு ஓரமாக இருந்த அந்தத் தகரக் கொட்டகையில்தான் தேவானந்தம் ஸ்டார்ட்டர்களைப் பழுது பார்த்தார். ஸ்டார்ட்டர் என்பது கிணற்று மோட்டாரை ஓடவைக்கும் இரும்புப் பெட்டி. அதன் கைப்பிடியை மேலே தள்ளினால் மோட்டார் ஓடும். தள்ளிய கைப்பிடி கீழே விழாமல் பிடித்துக்கொள்வது உள்ளே இருக்கும் காயில். ஓர் இரும்புத் துண்டைச் சுற்றி மெல்லிய தாமிரக் கம்பி, ஆயிரக்கணக்கான சுற்று, அவ்வளவுதான். கரண்ட் ஓடும்வரை அந்த இரும்பு காந்தம். கரண்ட் போனதும் அது வெறும் இரும்பு, கைப்பிடியை விட்டுவிடும். மறுபடி கரண்ட் வந்தாலும், யாராவது போய்க் கைப்பிடியைத் தள்ளினால்தான் மோட்டார் ஓடும்.

காயில் சுற்றுவது அம்மாவின் வேலையாக இருந்தது. அப்பா பெரிய மோட்டாரைத் தனியாளாகத் தூக்குவார். ஆனால் மெல்லிய கம்பியைத் தொட்டால் அறுத்துப்போடுவார். அவர் கை அப்படி.

அம்மா கைமெஷின் முன்னால் உட்கார்ந்தால் பக்கத்தில் ஜெபமாலையை வைத்துக்கொள்வாள். நூறு சுற்று முடிந்ததும் ஒரு மணியைத் தள்ளுவாள். ரோட்டில் போகிறவர்கள், "எந்நேரமும் ஜெபமாலையும் கையுமா இருக்குது பாரு, என்ன பக்தி" என்று மெச்சிக்கொண்டு போவார்கள். அம்மா வாயே திறக்க மாட்டாள். திறந்தால் எண்ணிக்கை விட்டுப்போகும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சின்னக் காயில்களை அமலியும் சுற்றுவாள். அப்போது மணி தள்ளுவது அம்மா.

போன ஐப்பசியில் அம்மாவுக்கு விஷக்காய்ச்சல் வந்தது. தேறவே இல்லை. ஜெபமாலையை அம்மாவின் கையிலேயே வைத்து அனுப்பிவிட்டார்கள்.

அம்மா கடைசியாகச் சுற்றிய காயில் மட்டும் அலமாரியில் இருந்தது. பெரிய ஸ்டார்ட்டர் ஒன்றுக்காகச் சுற்றியது. ஸ்டார்ட்டர்காரர் காத்திருந்து பார்த்துவிட்டு வேறு இடத்தில் வாங்கிக்கொண்டார். கம்பியின் முனையை வெள்ளை நூலால் கட்டி முடித்திருந்தாள் அம்மா. வார்னிஷில் முக்கத்தான் அவளுக்கு நாள் இல்லாமல் போய்விட்டது.

வார்னிஷில் முக்கி அடுப்புச் சூட்டில் காயவைத்தால் காயில் கெட்டியாக இறுகிவிடும். அப்புறம் அதில் ஒரு சுற்றைக்கூட யாராலும் பிரிக்க முடியாது. அமலிக்கு வேண்டியது அதுதான்.

அவள் காயிலை எடுத்து வந்து மேசைமேல் வைத்த நேரத்தில் வாசலில் ஒரு மாட்டுவண்டி வந்து நின்றது.

சோமனூர்ப் பக்கம் தோட்டம் வைத்திருந்த காளிச்சாமி இறங்கி வந்தார். பின்னாலேயே அவர் மகள் சின்னாத்தாள் வந்தாள். அவளுக்கும் அமலி வயதுதான் இருக்கும். காளிச்சாமி துண்டை அவிழ்த்துக் கரிக்கட்டையாகிப்போன ஒரு காயிலை எடுத்து வைத்தார்.

"ஏனுங்க மேஸ்திரி, இது தீஞ்சுபோச்சுங்க. புதுசா ஒண்ணு போட்டுக் குடுக்கோணுமுங்க."

"தீஞ்சு எத்தன நாளாச்சுங்க?" என்று அப்பா கேட்டார்.

"அது ஆச்சுங்க, பத்துப் பாஞ்சு நாளு."

"அப்புறம் மோட்டார எப்படி ஓட்டறீங்க?"

காளிச்சாமி தலையைச் சொறிந்தார். "கைப்புடிய மேல தள்ளி, கன்னுக்குட்டிக் கவுத்துல கட்டிப்போட்டனுங்க."

"கன்னுக்குட்டி இப்ப ஊரெல்லாம் மேயுதுங்க," என்றாள் சின்னாத்தாள்.

அமலிக்குச் சிரிப்பு வந்தது. அப்பா சிரிக்கவில்லை. "கட்டவே கூடாதுங்க. கரண்டு போயிட்டு வந்தா மோட்டாரு தானா ஓடுமுங்க," என்றார்.

"வேற வழி இல்லீங்களே. மொளகாச் செடி காயுதுங்க."

பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்க, அமலி சின்னாத்தாளின் கையைப் பார்த்தாள். சுண்டுவிரலில் துணி சுற்றியிருந்தது.

"விரலுல என்ன?"

"பெல்ட்டுல மாட்டிக்கிச்சு. நகம் போயிருச்சு." பலப்பம் தொலைந்துபோனதைச் சொல்வதுபோல அவள் சொன்னாள்.

"எப்படி மாட்டுச்சு?"

"மோட்டாரு மேல இருக்குது. பம்பு கெணத்துக்குள்ள இருக்குது. ரெண்டுக்கும் நடுவால பெல்ட்டு ஓடும். கரண்டு போனா பம்புல தண்ணி எறங்கிரும். நாந்தான் படியில எறங்கிப்போயி அதுல தண்ணி ஊத்தோணும். அன்னிக்கு ஊத்திக்கிட்டு இருக்கறப்பவே கரண்டு வந்துருச்சு."

"உங்கப்பா மெயின் சுவிட்ச அமத்த மாட்டாரா?"

"ஐயனுக்கு நெனப்பு வந்தா அமத்துவாரு. அவரு அக்கட்டால மடை திருப்பப் போயிருப்பாரு."

"அப்ப, கரண்டு வந்தது உள்ள இருக்கற உனக்கு எப்படித் தெரியும்?"

சின்னாத்தாள் கொஞ்சம் யோசித்தாள். "பெல்ட்டு சுத்துமே," என்றாள்.

அமலி அந்தத் துணி சுற்றிய விரலையே பார்த்தாள். சின்னாத்தாளோ அதற்குள் மேசையில் இருந்த காயிலைக் கண்டுவிட்டாள். "இது எவ்வளவு அழகா இருக்குது. இதயே எங்களுக்குக் குடுங்களே."

"அது பெரிய ஸ்டார்ட்டருக்குண்டானது கண்ணு. உங்களுதுல பொருந்தாது," என்றார் அப்பா. பிறகு காளிச்சாமியிடம் திரும்பினார். "சுத்தறதுக்குக் கம்பி இல்லீங்க. சர்க்காரு பர்மிட்டு வந்தாத்தான் கம்பி. கோயமுத்தூர்லயும் சரக்கு இல்லீங்க. ஒரு மாசமாவது ஆகுமுங்க."

சொல்லும்போது அவர் கண்கள் மேசைமேல் இருந்த காயிலுக்குப் போயின. சட்டென்று தரைக்குத் திரும்பின. "கம்பி இல்லீங்க," என்று இன்னொரு தரம் சொன்னார். அப்பாவுக்குப் பொய் சொல்ல வராது. அந்தக் காயிலில் இருப்பதும் அதே கம்பிதான், அதே மெலிசுதான். பிரித்துச் சின்னதாகச் சுற்றினால் போதும். அது அமலிக்கும் தெரியும்.

"சரீங்க. அதுவரைக்கும் கவுறுதானுங்க," என்று காளிச்சாமி எழுந்தார். வண்டி புறப்பட்டது.

அப்பா வார்னிஷ் டின்னை அவள் பக்கம் நகர்த்தினார். "வா அம்மணி. உன்ற கையாலயே முக்கு."

அமலி காயிலை எடுத்து டின்னுக்கு மேலே பிடித்தாள். ஒரு விரற்கடை இறக்கினால் போதும், அம்மா சுற்றியது அம்மா சுற்றியபடியே என்றைக்கும் இருக்கும். ரோட்டில் மாட்டுச் சலங்கை தூரமாகப் போய்க்கொண்டிருந்தது. பெல்ட்டு சுத்துமே என்று அந்தப் பெண் எவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். அமலிக்குக் கோபம் கோபமாக வந்தது. யார்மேல் கோபம் என்றுதான் தெரியவில்லை.

அவள் காயிலை மேசைமேல் வைத்துவிட்டு ஓடினாள்.

"நிறுத்துங்க. வண்டிய நிறுத்துங்க."

காளிச்சாமி கயிற்றை இழுத்துப் பிடித்தார்.

"கம்பி இருக்குதுங்க," என்றாள் அமலி, மூச்சு வாங்க. "எங்கப்பாவுக்கு மறந்துபோச்சுங்க."

கொட்டகைக்குத் திரும்பியதும் அப்பா அவள் முகத்தைப் பார்த்தார். "பிரிச்சா அவ்வளவுதான் கண்ணு. மறுபடி வராது."

"தெரியுமுங்கப்பா."

"நான் சுத்துனா அறுந்துபோயிருமே."

"நான் சுத்தறனுங்க."

அம்மா போட்ட முடிச்சை அவிழ்க்க அப்பா கத்தரிக்கோலை நீட்டினார். அமலி வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு நகத்தால் நெருடி நெருடி அவிழ்த்தாள். பழைய காயிலை ஓர் இரும்புக் கம்பியில் மாட்டினார்கள். கம்பி சுற்றும் சின்ன உருளையான புதுப் பாபினை மெஷினில் மாட்டினார்கள். வலது கையால் மெஷினைச் சுற்ற, அம்மாவின் காயிலிலிருந்து கம்பி உருவி அவள் இடது கை விரல்களின் வழியாகப் புதுப் பாபினுக்குப் போனது.

எண்ணுவதற்கு ஜெபமாலை இல்லை. சின்னாத்தாள் கொட்டகைக்குப் பின்னால் இருந்த வீட்டின் சமையலறைக்குப் போய்ப் புளியங்கொட்டைகளை அள்ளி வந்தாள். அமலி நூறு என்றதும் ஒரு கொட்டையைத் தள்ளிவைப்பது அவள் வேலை. அந்த வேலையை அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்தாள். காளிச்சாமி ஏதோ பேச வந்தபோது, "பேசாதீங்க ஐயா, கணக்கு உட்டுப்போகும்" என்று அதட்டவும் செய்தாள்.

முதலில் அமலிக்கு ஒன்றும் புரியவில்லை. வரிவரியாக அடுக்கிச் சுற்றுவதில் அம்மாவை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் இந்தக் காயிலின் மேல்வரிசைகள் கோணல்மாணலாக இருந்தன. ஒரு சுற்றின்மேல் இன்னொரு சுற்று ஏறிக் கிடந்தது. கம்பி அறுந்து, பற்றவைத்து, நூல் சுற்றிய ஓர் ஒட்டு அவள் விரலில் தட்டுப்பட்டது. கொஞ்ச நேரத்தில் இன்னோர் ஒட்டு வந்தது.

அமலி கையை நிறுத்தினாள். "அப்பா, அம்மா கம்பிய அறுக்கவே மாட்டாங்களே."

அப்பா கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அன்னிக்கே காச்சல் இருந்திருக்குது," என்றார். "எங்கிட்டச் சொல்லாம சுத்தியிருக்கறா. எனக்குத் தெரியாமப் போச்சு கண்ணு."

அமலியின் கண்ணீர் மெஷின்மேல் விழுந்தது. அதைத் துடைக்க அவளுக்குக் கை ஒழியவில்லை. மறுபடியும் சுற்றத் தொடங்கினாள்.

அடுத்தடுத்த வரிசைகளில் கோணல் குறைந்தது. ஒட்டுகள் நின்றுபோயின. இன்னும் உள்ளே போனபோது சுற்றுகள் ஒன்றையொன்று ஒட்டி, இம்மி விலகாமல் வந்தன. காய்ச்சல் வருவதற்கு முந்திய அம்மா அவை. உள்ளே போகப் போக அம்மாவுக்கு உடம்பு தேறிக்கொண்டே வந்தது. அமலி மெதுவாகச் சுற்றினாள். சீக்கிரம் முடிந்துவிடக் கூடாது என்று இருந்தது.

ஆனாலும் முடிந்தது. பழைய பாபின் மொட்டையாக நின்றது. ஒரு முழக் கம்பி மிஞ்சியது. அப்பா அதை விரலில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஏதோ சாமான் எடுக்கப் போகிறவரைப்போலக் கொல்லைப்பக்கம் போய்விட்டார். போனவர் வெகுநேரம் வரவில்லை.

புதுக் காயிலின் முனையை அமலியே நூலால் கட்டினாள். வார்னிஷில் முக்கியதும் அவள்தான்.

"காஞ்சதும் நாங்களே கொண்டுவந்து மாட்டித் தாரமுங்க," என்று காளிச்சாமியிடம் சொன்னாள். "அதுவரைக்கும் அந்தக் கவுத்த அவுத்துப்போடுங்க."

"அவுத்துப்போடறனுங்க அம்மணி," என்றார் அந்தப் பெரிய மனிதர், மிகவும் பணிவாக.

காயில் காய்ந்ததும் அப்பா சைக்கிளில் அமலியை ஏற்றிக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். காயிலை மாட்டிக் கைப்பிடியை மேலே தள்ளினார். உள்ளிருந்து உம்மென்று சத்தம் வந்தது. கைப்பிடி நின்றது. தண்ணீர் வாய்க்காலில் பாய்ந்தது. கன்றுக்குட்டி அதன் கயிற்றோடு வேப்பமரத்தடியில் கோபமாக நின்றது.

காளிச்சாமி அப்பாவுக்கு மிளகாய்ச் செடிகளைக் காட்டக் கூட்டிப்போனார். தோட்டத்தின் அந்தக் கோடிக்குப் போய்விட்டார்கள்.

கொஞ்ச நேரத்தில் கரண்ட் போனது. மோட்டார் அறையிலிருந்த குண்டு பல்பு அணைந்தது. டொக்கென்று கைப்பிடி கீழே விழுந்தது. பெல்ட் ஓய்ந்து நின்றது. சின்னாத்தாள் குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுப் படியில் இறங்கினாள்.

அமலி மெயின் சுவிட்சுப் பக்கம் பார்த்தாள். காளிச்சாமி அதை அமர்த்தியிருக்கவில்லை. நினைப்பு வந்திருக்காது. நாமே அமர்த்திவிடலாம் என்று அவள் ஓர் அடி எடுத்து வைப்பதற்குள் பல்பு பளிச்சென்று எரிந்தது.

அவள் கைப்பிடியைப் பார்த்தாள். அது விழுந்த இடத்திலேயே கிடந்தது. பெல்ட்டைப் பார்த்தாள். அது அசையவில்லை. கிணற்றுக்குள்ளிருந்து தண்ணீர் ஊற்றும் சத்தமும், வழியில் உட்கார்ந்திருந்த தவளையைச் சின்னாத்தாள் திட்டும் சத்தமும் கேட்டன. அவள் பாட்டுக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

அமலி அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். ஐப்பசியிலிருந்து அடக்கி வைத்திருந்ததெல்லாம் சேர்ந்து வந்தது. தேம்பித் தேம்பி அழுதாள்.

வெறும் குடத்தோடு மேலே வந்த சின்னாத்தாள் பயந்துபோனாள். "ஐயோ, ஏன் அழுகுற? என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல," என்றாள் அமலி.

"அப்புறம் எதுக்கு அழுகுற?"

அமலி பாவாடையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எரிகிற பல்பையும் நிற்கிற பெல்ட்டையும் இன்னொரு தரம் பார்த்தாள்.

"ஒண்ணுமே ஆகலைல்ல," என்றாள். "அதுக்குத்தான்."