வெட்ட வெட்டப் பெருகிய விருந்தாளிகள்

சுண்டெலியின் அப்பா கடலில் கயிறு கட்டிச் சிப்பி வளர்ப்பவர். சுண்டெலி என்பது வீட்டில் வைத்த பட்டப்பெயர். ஒன்பது வயதாகியும் ஆள் அவ்வளவுதான் இருந்தாள்.

அந்த ஆண்டு நட்சத்திர மீன்கள் கூட்டங்கூட்டமாக வந்து இறங்கின. பெயர்தான் மீன். செதில் கிடையாது, துடுப்பு கிடையாது, மூளைகூடக் கிடையாது. ஆனால் சாப்பாட்டு விஷயத்தில் படு கெட்டி. கைகளால் சிப்பியைப் பிடித்து இழுக்கும். ஓடு நூலிழை அளவு திறந்தால் போதும், தன் வயிற்றையே வெளியே தள்ளி உள்ளே விட்டுத் தின்றுவிடும்.

அப்பாவுக்கு ஆத்திரம் பொங்கியது. கையில் கிடைத்ததையெல்லாம் இரண்டாக வெட்டிக் கடலிலேயே வீசினார். வெட்ட வெட்ட அவை கூடிக்கொண்டே போயின. இப்படியே போனால் கப்பல் வேலைக்குப் போக வேண்டியதுதான் என்று அம்மாவிடம் சொன்னார். போனால் இரண்டு வருடம் வரமாட்டார். அன்று சுண்டெலிக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் படகில் ஒரு நட்சத்திர மீன் அவள் கண்ணில் பட்டது. அதற்கு மூன்று கைகள் பெரியவை, இரண்டு கைகள் நகத்தளவு. பக்கத்தில் இருந்ததும் அதே மாதிரி. அவளுக்குச் சந்தேகம் தட்டியது. அப்பா வெட்டிய ஒன்றின் இரண்டு பாதிகளையும் வாளியில் போட்டாள். தினமும் கடல் தண்ணீர் மாற்றி, தின்னச் சிப்பியும் கொடுத்தாள். எதிரிக்கு விருந்து வைக்கிறாயா என்று அப்பா முறைத்தார்.

இரண்டு மாதம் கழித்து வாளியை அவர் முன் கொண்டுவந்து வைத்தாள். இரண்டு பாதிகளிலும் குட்டிக் கைகள் முளைத்திருந்தன.

“அப்பா, கோவிச்சுக்காதீங்க. நீங்க ஒண்ண வெட்டினா அது ரெண்டாகுது. இத்தன நாளா நாமதான் இதுங்கள வளர்த்திருக்கோம்.”

அப்பா குனிந்து அந்தக் குட்டிக் கைகளை எண்ணிப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார்.

“என் தலையில நானே மண்ண வாரிப் போட்டுக்கிட்டிருக்கேன், பாரேன்.”

அதன்பிறகு யாரும் வெட்டவில்லை. வெடுக்கென்று பிடுங்கினால் அவை ஒட்டிப் பிடித்துக்கொள்ளும் அடிப்பக்கத்துக் குழாய்க்கால்கள் பிய்ந்துவிடும் என்பதால், பொறுமையாகப் பிரித்தெடுத்துத் தொலைவில் உள்ள பாறைகளில் கொண்டுபோய் விட்டார்கள். கயிறுகளில் சிப்பிகள் மறுபடி கொத்துக்கொத்தாகப் பெருத்தன.

அப்பா வேலை கேட்டுவைத்திருந்த கப்பல்காரர் போன் செய்தபோது, வரவில்லை என்று அப்பா சொல்லிவிட்டார். பிறகு சுண்டெலியிடம் வந்தார்.

“நான் வீட்டுல இருக்கேன்னா அது உன்னாலதான்மா. ரொம்ப நன்றி.”

“நான் சின்னப் பொண்ணுன்னு தள்ளாம, சொன்னதக் கேட்டீங்களே. அதுக்கு நான்தாம்பா நன்றி சொல்லணும்.”

அப்பா அவளைத் தூக்கித் தோளில் உட்கார வைத்துக்கொண்டு படகுக்கு நடந்தார்.