மாதனூரைக் கறுக்க வைத்தது யார்?

"ஜன்னலைச் சாத்துங்கண்ணே, வெயில் வருது!" என்று கெஞ்சிக்கொண்டேதான் தானியேல் துணிச் சுருளைப் பிரித்தான். வேலூர் சுகாதார ஆபீசில் படம் வரைகிறவன்.

ஓய்வுபெற்ற போலீஸ்காரர் சுப்பராயன் சாவகாசமாகக் குனிந்தார். பக்கத்தில் மச்சான் மூர்த்தி. அக்காள் புருஷனை ஒரு தடவையாவது முந்திவிட வேண்டுமென்று வயிறெரிந்து திரிகிற பிறவி.

பாலாற்றங்கரை ஊர்களின் காலராப் படம் அது. சாவு குறைந்த ஊருக்கு வெளிர் பழுப்பு. கூடக்கூட அடர் பழுப்பு. எது ரொம்பக் கறுப்போ, அந்த ஊருக்குத்தான் சர்க்கார் வெட்டும் முதல் கிணறு.

"நேத்து சாயங்காலம் மாதனூரு வெளுப்பாத்தான் இருந்தது. காலையில பாத்தா இப்பிடி! அது எம் பொண்டாட்டி ஊரு. கிணத்துக்காக நானே பூசிட்டேன்னு அதிகாரி சொல்றாரு. நான் பூசலேன்னு இன்னிக்குள்ள நிரூபிக்கலேன்னா வேலை போய்டும்."

சுப்பராயன் படத்தை முகர்ந்தார். "ஆபீஸ் பெயிண்டா இது?"

தானியேல் தலைகுனிந்தான். "இல்லீங்க. பெயிண்டுப் பெட்டி எனக்கு மூத்த படக்காரரு வேதாசலத்துகிட்ட இருக்குது. எனக்குச் சொட்டுகூடத் தரல. ஆம்பூர்ல தோலு பதம்போடற ஆபித் பாஷா என் தோஸ்த்து. அவரு காய்ச்சின ஆவாரம்பட்டைத் தண்ணியிலதான் பூசினேன். ஆபீஸ்ல யாருக்கும் தெரியாது."

"அப்போ பாஷாதான்!" மூர்த்தி துள்ளினான். "தண்ணி அவருகிட்டதானே இருக்குது!"

"அவரையும் வரச் சொல்லு" என்றார் சுப்பராயன்.

பத்து மணிக்கு ஆபீஸ் முற்றத்தில் எல்லோரும் கூடினார்கள். வேதாசலம் இடுப்பில் பெட்டிச் சாவி தொங்க, அதிகாரியின் பக்கத்தில் நின்றார். "நான் குடுக்கலேன்னதும் மெட்ராஸ்ல அதே சீமைப் பெயிண்டு வாங்கி மினுக்கிக்கிட்டான் சார். இப்ப புத்தியும் கெட்டுப்போச்சு."

சுப்பராயன் படத்தை வெயிலில் விரித்தார்.

"ஐயோ அண்ணே!" தானியேல் பதறினான்.

மத்தியானம் எல்லோரும் திரும்பியபோது படத்தின் ஊர்கள் அத்தனையும் செக்கச்செவேலென்று சிவந்திருந்தன. மாதனூர் மட்டும் காலையில் இருந்த அதே பழுப்பு.

"இன்னா பாஷா இது?" என்றார் அதிகாரி.

"ஆவாரம்பட்டை வெயில் பட்டா செவந்துடும் சார். அதுக்குத்தான் தோலை நெழல்ல காயப்போடறோம்."

"தானியேலோ பாஷாவோ பூசியிருந்தா பட்டைத் தண்ணியிலதான் பூசியிருப்பாங்க, மாதனூரும் செவந்திருக்கும்" என்றார் சுப்பராயன். "இது பெட்டிப் பெயிண்டு. படம் முழுக்க அதே பெயிண்டுதான்னு நம்பினவரு பூசினது. அப்பிடி நம்பினவரு யாருன்னு காலையிலயே அவரு வாயாலயே சொல்லிட்டாரு."

"நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்" என்று மூர்த்தி முணுமுணுத்தான்.

வேதாசலம் மறுக்கவில்லை. "பொறாமைதான் சார்! இருபது வருஷமா வரையறேன், ஒருத்தன் நின்னு பாத்ததில்ல. இவன் படத்த பியூன்கூட நின்னு பாக்கறான். எனக்குத் தாங்கல."

அதிகாரி தானியேலை நாளைக்கு வேலைக்கு வரச் சொன்னார். தானியேல் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

சுப்பராயன் செருப்பை மாட்டிக்கொண்டே வேதாசலத்தைப் பார்த்தார். "அன்னிக்கு அவனுக்குக் கொஞ்சம் பெயிண்டு குடுத்திருந்தீங்கன்னா, இன்னிக்கு உங்களை யாராலயும் கண்டுபிடிச்சிருக்க முடியாது."

வேதாசலத்தின் கை இடுப்புச் சாவியைத் தடவிப் பார்த்தது.