வட்டத்துக்குள் போன ராஹில்

சாயிரா லாத்தா புனேயிலிருந்து வந்திருந்தாள். சாயங்காலமே திரும்பிப் போக வேண்டும்.

அக்காவை லாத்தா என்றே கூப்பிடும் தங்கை உமைராவுக்கு அது பிடிக்கவில்லை. முன்பெல்லாம் லாத்தா இங்கே, மும்பை தாராவியில்தான் இருந்தாள். மழை விட்டதும் சந்துப் பிள்ளைகளை எல்லாம் கூட்டிவைத்து விளையாடுவாள். தோற்றவர்களும் ஜெயித்ததாகச் சொல்லிவிடுவாள். இப்போது தடுப்பூசி ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை. போனில் பேசினாலும் பாதி இங்கிலீஷ்.

அன்று பானுமதி டீச்சர் அழைத்ததால், தான் படித்த பள்ளியிலேயே, உமைராவின் வகுப்பில் பேச வந்திருந்தாள்.

"இது வைரஸ் புரதத்தில் செய்த நானோ கட்டமைப்பு. செல் இதை எப்படி உள்வாங்குகிறது என்பதே என் ஆய்வு" என்று திரையைக் காட்டினாள்.

பின்வரிசையில் பேச்சிராஜா கொட்டாவி விட்டான். அவன் பக்கத்தில் இருந்த ராஹில் எழுந்தான்.

"வைரஸையா உடம்புக்குள்ள விடுவீங்க? எனக்கு ஊசியே வேண்டாம்."

"வைரஸ் இல்லை. வைரஸ் மாதிரி."

"மாதிரின்னா பாதி வைரஸா?"

வகுப்பு சிரித்தது. லாத்தா தண்ணீர் குடித்தாள். திரையில் அடுத்த படத்தைத் தேடினாள். அதற்கு மேல் உமைராவால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து லாத்தாவிடம் போனாள்.

"லாத்தா, வெளிய போவோமா? சந்துல கைகோத்து வட்டம் கட்டுவோம்லா, அப்படிக் கட்டுவோம். நாங்கதான் செல்லு. நீ சொல்லு, நாங்க செய்யிதோம்."

"இப்பமா?"

"இப்பந்தான்."

லாத்தா திரையைப் பார்த்தாள். பிறகு லேப்டாப்பை மூடினாள்.

பள்ளி முற்றத்தில் பெரிய வட்டம் உருவானது.

"இதுதான் செல்லோட தோல்" என்றாள் லாத்தா. அவள் பேச்சில் வீட்டுத் தமிழ் வந்துவிட்டது. "ராஹில், நீ வைரஸோட கூடு. வெறும் கூடு. உள்ள ஒண்ணும் கிடையாது."

"மூளையுமா?" என்றான் பேச்சிராஜா. ராஹிலுக்கே சிரிப்பு வந்தது.

"தன்னை மாதிரி இன்னொண்ணைச் செய்யுத குறிப்பு நிஜ வைரஸுக்குள்ள இருக்கும். கூட்டுல அதை நாங்க வைக்கவே மாட்டோம். அதனால இது பெருகாது. சரி, வந்து ஒட்டு."

ராஹில் வெளியிலிருந்து வட்டத்தில் ஒட்டினான்.

"அவன் பக்கத்துல இருக்கவங்க உள்ள நகருங்க. கையை விடக் கூடாது."

வட்டம் அந்த இடத்தில் சட்டைப்பை போலக் குழிந்தது. ராஹில் குழிக்குள் நின்றான்.

"இனி வாயை மூடுங்க."

குழியின் வாயில் நின்றவர்கள் கை மாற்றிக் கோத்தார்கள். பெரிய வட்டத்துக்குள் ஒரு சின்ன வட்டம். அதற்குள் ராஹில்.

"நான் உள்ள வந்துட்டேன்" என்றான் அவன், ஆச்சரியமாக.

"செல்லு இப்படித்தான் பையில போட்டு இழுத்துக்கிடும். அப்புறம் கூட்டைத் துண்டாக்கி, ஒரு துண்டை வெளிய நீட்டும். உடம்புல இருக்க காவக்காரங்க அதைப் பாத்து வச்சுக்கிடுவாங்க. நிஜ வைரஸ் வந்தா உடனே பிடிச்சிருவாங்க."

"என்னைத் துண்டாக்கணுமா?"

"உன் டை போதும்" என்ற உமைரா, அதைக் கழற்றி வெளியே ஆட்டினாள்.

அடுத்து மூன்று பேர் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரே கூடாக வந்தார்கள். எவ்வளவு வளைந்தும் குழியின் வாய் மூடவில்லை.

"பெரிசா இருந்தா முடியாதா லாத்தா?" என்றாள் உமைரா.

"இதைத்தான் நான் தினமும் பாக்குதேன். எந்த அளவுல, எந்த வடிவத்துல செஞ்சா செல்லு லேசா எடுத்துக்கிடும்னு."

"தினமும் இதே விளையாட்டா? சம்பளமும் உண்டா?" என்றான் ராஹில். "ஊசி வலிச்சாலும் சரி, நானும் பெரியவனானா அங்க வாரேன்."

பள்ளி மணி அடித்தது. ஒருவரும் போகவில்லை. லாத்தாவும் செருப்பைக் கழற்றிவிட்டு, உமைராவின் கையைப் பிடித்து வட்டத்தில் நின்றாள்.

"லாத்தா, வண்டிக்கு நேரமாச்சே" என்றாள் உமைரா மெதுவாக.

"கையை விட்டா செல்லு உடைஞ்சிரும்ளா" என்றாள் லாத்தா. "நாளைக்குப் போய்க்கிடுதேன்."