பைலட்டுக்கு ஒரு அரிஷ்டம்

“இதுல ஆல்கஹால் இல்லியே?”

கேட்ட பெண்ணின் கண்களைப் பார்த்ததும் ஹேமந்துக்குப் பதில் மறந்துபோனது. மை தீட்டாத அகலமான கண்கள்... வெளியே விழுந்த தூறல் இமையோரத்தில் இரண்டு துளியாக நின்றிருந்தது. தொண்டைக்கு மருந்து கேட்டு வந்தவளுக்கு அரிஷ்ட பாட்டிலை எடுத்து வைத்திருந்தான். ராபர்ட்சன்பேட்டை பஜாரில் அப்பாவின் நாட்டு மருந்துக் கடை அது. அப்பா கோவிந்தராஜுக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆனதால், பெங்களூர் வேலைக்கு லீவு போட்டுவிட்டு மூன்று வாரமாக இவன்தான் உட்கார்ந்திருக்கிறான். எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று இன்னும் பிடிபடவில்லை. ஆனால் வாய்க்கு மட்டும் லீவே கிடையாது.

“இது சுத்த மூலிகை மேடம். முழு பாட்டில் குடிச்சாலும் ஏறாது.”

அவள் சிரிக்கவில்லை. இன்று இரவு எட்டு மணிக்கு டில்லி விமானத்தை ஓட்ட வேண்டும், ஒரு மணி ரயிலில் பெங்களூர் கிளம்புகிறேன், அதனால்தான் கேட்கிறேன் என்றாள். தங்கச் சுரங்கத் தொழிலாளர்கள் குடியிருக்கும் சாம்பியன் ரீப்ஸ் லைன் வீட்டிலிருந்து பவ்யா என்றொரு பெண் பைலட் ஆனது ஊருக்கே தெரிந்த சேதி. அந்தப் பவ்யாவா இவள்! ஹேமந்த் வாயைப் பிளந்தான். பிளந்த வாயைச் சும்மா மூடியிருக்கலாம்.

“பைலட்டா... ஜாலியான வேலை. பட்டனை அமுக்கினா அதுவே பறக்குது. நீங்க ஏசில சொம்மா உக்காந்துக்கினு போக வேண்டியதுதான்.”

அவ்வளவுதான். பிடித்துக்கொண்டாள். ஆறு மாதத்துக்கு ஒரு பரீட்சை, வருஷா வருஷம் உடம்புப் பரிசோதனை, வேலைக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் குடிக்கவில்லை என்று ஒரு கருவியில் ஊதிக் காட்ட வேண்டும். வாய் கொப்பளிக்கிற மருந்து கூட ஆகாது. எண் பூஜ்யத்தைத் தாண்டினால் மூன்று மாதம் வீட்டில் உட்கார வேண்டியதுதான். அடுத்த மாதம் கேப்டன் ஆவதற்கான பரீட்சை வேறு இருக்கிறது...

“பறக்கறது கூட ஈஸிங்க. பறக்கறதுக்குச் சரியா இருக்கேன்னு தெனமும் காட்டறதுதான் கஷ்டம்.”

அவள் மூச்சு விடாமல் பேசினாள். அவன் மூச்சு விடாமல் பார்த்தான். என்ன கோபம் இந்தப் பெண்ணுக்கு... கோபத்திலும் எவ்வளவு அழகு! பவ்யா பாட்டிலைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். பிறகு அவனையும் ஒரு தரம் பார்த்துவிட்டு, வாங்கிக்கொண்டு மழையில் இறங்கிப் போய்விட்டாள்.

பன்னிரண்டரை மணிக்குக் கோவிந்தராஜ் கைத்தடியை ஊன்றிக்கொண்டு கடைக்கு வந்தார். யார் வந்தார்கள், என்ன போனது என்று விசாரித்தவர், பைலட் பெண்ணின் கதையைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டார்.

“அரிஷ்டத்தையா குடுத்தே? அது புளிக்க வெச்சு செய்யறதுடா. ஆல்கஹால் அதுவாவே ஊறும்.”

ஹேமந்த் கடிகாரத்தைப் பார்த்தான். ஒரு மூடி குடித்துவிட்டுப் போய் ஊதினால்? கேப்டன் பரீட்சை, அவள் இத்தனை வருஷம் பட்ட பாடு... எல்லாம் அவன் நாக்கால் போய்விடும். ஸ்கூட்டர் சாவியை எடுத்தான். அப்பா தடுத்தார். ரயிலில் பாதிப் பேர் பஜார்க்காரர்கள். அவர்கள் நடுவில் போய் நாமே தப்பு மருந்து கொடுத்தோம் என்று சொன்னால், நாற்பது வருஷமாகக் காப்பாற்றிய கடையின் பெயர் என்ன ஆகும்? படித்த பெண்தானே, அவளே பார்த்துக்கொள்வாள், பேசாமல் இரு என்றார். அப்பா பேச்சை அவன் தட்டியதே இல்லை.

“கடை பேரு போனா நா திருப்பி வாங்கித் தரேம்பா. அவங்க வேலை போனா யாரு வாங்கித் தர்றது?”

சொல்லிவிட்டு இறங்கினான். தூறல் இப்போது கொட்டும் மழையாகியிருந்தது. ஊரிகம் ஸ்டேஷனுக்குள் ஓடியபோது ரயிலின் கடைசிப் பெட்டி பிளாட்பாரத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது. மறுபடியும் ஸ்கூட்டர், மறுபடியும் மழை. குடித்திருப்பாளோ... இந்நேரம் குடித்திருப்பாளோ... அடுத்த ஸ்டேஷனான கோரமண்டலில் ரயிலும் அவனும் ஒன்றாக வந்து சேர்ந்தார்கள். ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்துக்கொண்டே ஓடினான். நான்காவது பெட்டியில் அந்தக் கண்கள்.

“குடிச்சிட்டீங்களா?” என்றான், மூச்சிரைக்க. “அதுல ஆல்கஹால் இருக்குது. எனக்குத் தெரியாது... தெரிஞ்ச மாதிரி பேசிட்டேன். தப்பு எங்க கடை மேலதான்.”

பெட்டியே திரும்பிப் பார்த்தது. பஜார் முகங்கள் நாலைந்து தெரிந்தன. தெரியட்டும் என்று நின்றான்.

பவ்யா கைப்பையிலிருந்து பாட்டிலை எடுத்துக் காட்டினாள். மூடியின் சீல் உடையவில்லை. ஹேமந்த் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

“உங்க வேலை ஈஸின்னு சொன்னேன் இல்ல... அது போயிடுமோன்னு அரை மணி நேரம் பயந்ததுக்கே நா இப்பிடி ஆயிட்டேன். பாருங்க.”

அவள் பார்த்தாள். தலையிலிருந்து கால்வரை சொட்டிக்கொண்டிருந்தான். காலையில் வந்த கோபம் இருந்த இடம் தெரியவில்லை அவளுக்கு. ஒருத்தன் தனக்காக இப்படி நனைவான் என்று அவள் நினைத்ததே இல்லை.

“லேபிளைக் கடையிலயே படிச்சிட்டேங்க,” என்றாள் மெதுவாக.

“அப்புறம் இன்னாத்துக்கு வாங்கினீங்க?”

முதல் தடவையாக அந்தக் கண்கள் தாழ்ந்தன. ரயில் ஊதியது.

“திருப்பிக் குடுக்க வரலாம்னுதான்...”

பெட்டி நகர்ந்தது. அவனும் கூடவே நடந்தான். வியாழக்கிழமை எனக்கு ட்யூட்டி இல்லை, கடை திறந்திருக்குமா என்று கேட்டாள். வியாழன்தான் அவர்கள் கடைக்கு வார விடுமுறை. நாற்பது வருஷத்தில் ஒரு வியாழன் கூட அப்பா கடையைத் திறந்ததில்லை.

“தொறந்திருக்கும்,” என்றான் ஓடிக்கொண்டே. “பாட்டிலை மறந்துட்டு வந்தாலும் பரவால்ல... நீங்க வாங்க. எனக்கு உங்களைப் புடிச்சிருக்கு.”

பவ்யா பெட்டியில் யாரையும் நிமிர்ந்து பார்க்காமல், அவனை மட்டும் பார்த்து, வருகிறேன் என்று தலையாட்டினாள்.